தையல் பிரியுமா என்று கேட்டிருந்தாய்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ, அப்பா, தம்பி, அப்பாயி எல்லாரும் நலமா? மன்னார்குடி மாமா பையனிடம் நீ கொடுத்தனுப்பிய மாவடு, கருவாடு, கடிதம் மூன்றும் வந்து சேர்ந்தன. கருவாட்டை எத்தனையோ கவருக்குள் கட்டியிருந்தாய், இருந்தும் மணம் அடங்கவில்லை. ரயிலில் அவன் பக்கத்து சீட்டு கடைசிவரைக்கும் காலியாகவே இருந்ததாம். சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தேன் என்கிறான்.

பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுவாய். அப்பா ஒரு பக்கம், தெற்குத்தெரு அத்தை ஒரு பக்கம். வயிற்றுத் தையலைப் பற்றி அங்கே வைத்து எப்படிப் பேசுவது? தனியாக உட்கார்ந்து படி.

இந்தப் பிரசவத்தையும் ஆபரேஷனாகவே வைத்துக்கொள்ள ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். ரோகிணி, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், அம்சமான நேரம். எல்லாம் சரி. ஆனால் அந்த நாளில் எனக்கு 37 வாரம்தான் ஆகியிருக்கும். வேறு காரணம் எதுவும் இல்லாமல் ஆபரேஷன் என்றால் 39 வாரத்துக்கு முன்னால் செய்யமாட்டேன் என்கிறார் டாக்டரம்மா. அதற்கு முன்பே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடுதலாம். பிறந்தவுடன் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு ரோகிணியை நான் என்ன செய்வது?

இன்னொன்று. ஆபரேஷன்தான் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சரியாகச் சொன்னால், சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்வது என்று முடிவு செய்திருக்கிறேன். பதறாமல் மேலே படி.

"ஒரு தடவை கத்தி வெச்சா அடுத்ததும் கத்திதான்" என்று எழுதியிருக்கிறாயே, அதை 1916லேயே நியூயார்க்கில் கிராகின் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டாராம். உன் மாப்பிள்ளை எங்கேயோ தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னார். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நெட்டுக்கு அறுப்பார்களாம். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியைத் தாங்காது, அதனால் அவர் சொன்னது அன்றைக்குச் சரி. இப்போது அடிப்பக்கமாகக் குறுக்கே கீறுகிறார்கள், அந்த இடம் அவ்வளவு இழுபடாது. வெளியே வயிற்றில் தெரிகிற தழும்பை வைத்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது என்பதுதான் எனக்குப் புதுச் செய்தி. மூத்தவன் அப்பு பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரில் "எல்எஸ்சிஎஸ்" என்று மட்டும் போட்டிருக்கிறது. அது குறுக்குக் கீறல்தானாம், நல்லதுதான். இருந்தாலும் ஆபரேஷன் குறிப்பு முழுதாகக் கிடைத்தால் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. அதற்குத்தான் தம்பியை அனுப்ப வேண்டும், கடைசியில் சொல்கிறேன்.

தையல் பிரியுமா என்று கேட்டிருந்தாய். பிரியலாம். மறைக்கவில்லை. சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்கிற 200 பேரில் ஒருத்திக்கு அப்படி ஆகுமாம். அப்படி ஆகிவிட்டால் உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும், தாமதித்தால் பிள்ளைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. அதனால்தான் வலி ஆரம்பித்ததிலிருந்து குழந்தையின் இதயத்துடிப்பை மிஷினில் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆபரேஷன் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் இதைச் செய்யலாம். நான் போகிற கேகே ஆஸ்பத்திரியில் அதெல்லாம் இருக்கிறது. 1966இல் ஒரே வருஷத்தில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிய ஆஸ்பத்திரி என்று அப்பாயியிடம் சொல், அவருக்குத் திருப்தியாக இருக்கும். இப்போதிருக்கும் கட்டடம் 1997இல் வந்தது. நியூட்டனில் ரயில் மாறினால் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்துவிடலாம். செக்கப் முடிந்ததும் தேக்கா பக்கம் போய்க் கறிவேப்பிலை, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

முயற்சி செய்கிற நூறு பேரில் 72லிருந்து 75 பேர் வரைக்கும் சுகமாகவே பெற்றுவிடுகிறார்களாம். என் விஷயத்தில் போன தடவை நான் வலியெடுத்துத் தோற்கவில்லையே. அப்பு தலையை மேலே வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததால்தானே ஆபரேஷன்? இந்தப் பிள்ளை இதுவரைக்கும் தலை கீழாகத்தான் இருக்கிறது. அப்புக்கும் இதற்கும் மூன்று வருஷத்துக்கு மேல் இடைவெளி, அதுவும் நல்லதாம். முயற்சி செய்து நடுவில் ஆபரேஷனுக்கு மாற நேர்ந்தால், அது முன்கூட்டி நாள் குறித்துச் செய்வதைவிடச் சிரமம். அதையும் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். நம்மூரில் கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் என்ன இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நீயும் அத்தையும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அடுத்த தடவை நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் போய் ஒட்டிக்கொள்கிற ஆபத்து கூடிக்கொண்டே போகுமாம். மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று அத்தை இப்போதே பேசுகிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்.

ஆக, நாங்கள் எடுத்திருக்கும் முடிவு இதுதான். தானாக வலி வரும்வரை காத்திருப்பது. 41 வாரத்துக்குள் வராவிட்டால் ஆபரேஷன். மருந்து போட்டு வலியை வரவழைப்பது வேண்டாம். அதில் தழும்பு பிரிகிற ஆபத்து இரண்டு மூன்று மடங்கு ஆகுமாம். நடுவில் துடிப்பு இறங்கினாலோ, பிள்ளை இறங்காமல் நின்றாலோ, பிடிவாதம் பிடிக்கமாட்டேன். உன் மாப்பிள்ளை கூடவே இருக்கலாம். பிரசவ அறைக்குள் புருஷனை விடுகிறார்கள் இங்கே. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியைப் பற்றிப் போன தடவை சொன்னேனே, அவர் இப்போது என்னைத் தத்து எடுத்துக்கொண்டார். நீ அனுப்பிய தினக் காலண்டரை மாட்டலாம் என்று ஆணி அடிக்கிறேன், கதவைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கிவிட்டார். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாதாம், கட்டிலை நகர்த்தக் கூடாதாம், கத்திரிக்கோலைக் கட்டிலில் வைக்கக் கூடாதாம். சுத்தியல் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. காலண்டரைச் சமையல்கட்டில் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சிவப்புப் பேரீச்சை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைப் பெரிய பிளாஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்க்கிறார். மல்லி காப்பி மாதிரி இல்லாவிட்டாலும் குடிக்கலாம். பிள்ளை பெற்றதும் பன்றிக்காலைக் கறுப்பு வினிகரிலும் இஞ்சியிலும் வேகவைத்துத் தருவேன் என்று பயமுறுத்துகிறார். ஒரு மாசம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றும் சொல்கிறார். நீயும் அவரும் சந்தித்தால் ஒரு வார்த்தை மொழி தெரியாமலே ஒன்று சேர்ந்துகொண்டு என்னைப் படுத்துவீர்கள்.

அவருடைய மகளுக்கு இரண்டும் ஆபரேஷன். இரண்டுக்கும் சீனப் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தார்களாம். எனக்கும் பார்த்து வைத்திருக்கிறார், நான் கேட்கவே இல்லை. அது உன் ஜோசியர் சொன்ன நாள் இல்லை. உன் நாளைத் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாத நாள் என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது, நீயே சொல்.

பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. எங்களுக்கு இங்கே சலுகைக் கட்டணம் கிடையாது, வெளிநாட்டுக்காரர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். சுகப்பிரசவம் ஆபரேஷனைவிடச் செலவு குறைவு. அதற்காக இந்த முடிவு எடுத்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் ஜூரோங் தீவுக்கு வேலைக்குப் போகிறார், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காதாம். வீடியோவில் கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று கேட்டாயாம், தம்பி சொன்னான். இந்த வெக்கையில் சங்கிலி போட்டால் வேர்க்குரு வருகிறது, பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது. பிரசவம் முடிந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வேன். இந்த மாசப் பணம் வர இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகலாம், பேங்க்கில் ஏதோ பிரச்சினை.

நீ இப்போது வர வேண்டாம். ஸ்கூல் லீவு வருகிறது, திருச்சி விமானம் எல்லாம் விலை ஏறிக்கிடக்கிறது. விசா எடுத்தாலும் ஒரு மாசம்தான் தங்கவிடுவார்கள், மேலே தங்க எழுதிப் போட வேண்டும். அப்பாவுக்கு யார் பொங்கிப் போடுவது? நான் சமாளித்துக்கொள்வேன்.

அப்பு பிறந்த அன்றைக்கு ராத்திரி நீ என் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தாய். நான் திரும்பிப் படுக்க முடியாமல் "ம்" என்பேன். கூப்பிடக்கூட வேண்டாம், என் முதுகுக்கடியில் உன் கை வந்துவிடும். தைலமும் வெற்றிலையும் கலந்த உன் வாசனை. தூங்கவே மாட்டாயா என்று அன்றைக்கு உன்மேல் எரிந்து விழுந்தேன். ஆபரேஷன் என்றால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்கிறார்கள். அப்பு இப்போதும் "தூக்கு, தூக்கு" என்று காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவர் வேலைக்குப் போனபிறகு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அம்மா? சுகப்பிரசவம் ஆகிவிட்டால் மறுநாளே நானே எழுந்து நடந்துவிடுவேன். டாக்டரம்மா ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று கேட்டபோது அந்த நூறு, இருநூறு கணக்கைத்தான் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சரி, விடு.

வேலைகளைச் சொல்கிறேன். தம்பியை வேலை நாளில் காலையிலேயே அப்பு பிறந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ரெக்கார்டு அறையில் என் பெயர், பிரசவத் தேதி, பழைய பைல் நம்பர் எல்லாம் சொல்லி ஆபரேஷன் குறிப்பை நகலெடுத்துக் கேட்கச் சொல். பைல் நம்பர் பரணில் இருக்கும் பச்சை டிரங்குப் பெட்டியில், அப்பு தடுப்பூசி அட்டையோடு இருக்கிறது. கிடைத்தால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பட்டும், ஓரம் மடங்காமல். இல்லையென்றால் இல்லை என்று சொல்லட்டும், அலையவிட்டால் சண்டை போட வேண்டாம்.

பிரசவக் காய லேகியம் கிண்டினால் சுக்கைக் கொஞ்சம் குறைத்துப் போடு, போன தடவை எரிச்சல் தாங்கவில்லை. பால் சுறாவுக்குத் தேக்கா மீன்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே பிறந்தால் சிங்கப்பூர்க்காரப் பிள்ளையா என்று அப்பா கேட்டாராம். இல்லை. இந்திய ஹை கமிஷனில் பதிந்து நம் பாஸ்போர்ட்தான் எடுப்போம். அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று தம்பி சொன்னான். தலைசுற்றல் இல்லையே, எதற்கு மாத்திரை என்பாராம். மறுபடி ஆரம்பிக்கச் சொல், நான் சொன்னதாகவே சொல்.

கூட்டுறவு பேங்க்கில் உன் வளையல் கெடு இந்த மாசக் கடைசியில் முடிகிறது. வட்டியை மட்டுமாவது கட்டித் திருப்பி வைத்துவிடுங்கள், ஏலத்துக்கு விட்டுவிடாதீர்கள். வடக்கு வரப்பை அளக்க சர்வேயர் வரும்போது பெரியப்பா வீட்டார் கூட்டமாக வருவார்கள். அப்பா தனியாகப் போய் நிற்க வேண்டாம், மாமாவையும் கூட்டிக்கொண்டு போகட்டும். பட்டா நகல் தம்பி போனில் இருக்கிறது. தம்பிக்குப் பார்த்த பேராவூரணிப் பெண் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே, பிடிக்கவில்லையா? ஜாதகம் சரியில்லை என்றால் அந்த ஜோசியரை விட்டுவிட்டு வேறு ஆளிடம் காட்டு.

அப்பாயிக்கு என் நமஸ்காரம். அப்பு உனக்கு முத்தம் தரச் சொன்னான்.

இப்படிக்கு,
உன் பாப்பா

பி.கு.: அத்தை கேட்டால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே. ஆபரேஷனா இல்லையா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம் என்று மட்டும் சொல்.