வீணைக்கு மெட்டுக் கட்ட ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

தஞ்சாவூர் வீணைக்கு 2013-லும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் என் மகளின் வீணையில் மெழுகு இளகி மெட்டுகள் (தந்திக்குக் கீழே மெழுகில் பதித்திருக்கும் உலோகக் கட்டைகள்) அசைந்துவிட்டன; சரிசெய்ய ஆள் தேடி அலைகிறோம். 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு, ஸ்வரம் பிசகாமல் மெழுகில் பதிக்க வேண்டும். புத்தகம் படித்து வருகிற வேலையா இது? பட்டறையில் வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். சரி, அதுவரை சாப்பாட்டுக்கு? பிள்ளைகள் தயங்குவது அதனால்தான். ஐடிஐ-களில் ஃபிட்டர், வெல்டர் போல வாத்தியம் பழுதுபார்ப்பதையும் ஒரு பிரிவாக்கி, உதவித்தொகையோடு பட்டறைப் பயிற்சி தரலாம். மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற, ஹார்மோனியத்துக்குச் சுருதி சேர்க்க என்று வேலைக்கும் பஞ்சமில்லை. அப்புறம், சொல்லிக்கொடுக்க அந்தக் கைவினைஞர்களையே நியமிக்க வேண்டும். டிகிரி கேட்டு விரட்டக் கூடாது.

- ஒரு வாசகர், கும்பகோணம்