அந்த 1968 சிபாரிசு பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மஞ்சக்குப்பத்து வீட்டை விற்கப்போவதில்லை என்று நீயும் தம்பியும் முடிவெடுத்தது நிம்மதியாக இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடவில்லை. அப்பாவின் பிரெஞ்சு பென்ஷனில் அம்மாவுக்கு ஒரு பங்கு வருகிறது இல்லையா, அதற்கான உயிர்ச்சான்று காகிதங்களை இந்த வருஷமும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹூஸ்டனில் இருக்கும் உன் பேரன், முன்னாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் (மகன் புஷ்) வியட்நாம் போருக்குப் பயந்து ராணுவத்தை விட்டு ஓடியவரா என்று கேட்டதற்கு, 'எல்லா அரசியல்வாதியும் அப்படித்தான், விட்டுத்தள்ளு' என்று பதில் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை சேகர். பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறான், அதற்கு நல்ல பதில் இருக்கிறது.

ஓடிப்போனவர் என்று சொல்ல ஆதாரம் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் மேல் வழக்கு எதுவும் கிடையாது, 1973 அக்டோபரில் கௌரவமாகவே விடுவிக்கப்பட்டார். ஆனால் அதற்கு முன் நடந்ததைப் பார். 1968 மே மாதம், யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடியப்போகிறது, கட்டாய ராணுவ சேவையிலிருந்து மாணவர் என்று கிடைத்த விலக்கு தீரப்போகிற நேரம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் செத்தார்கள். போருக்குப் போகாமல் தப்பிக்க நல்ல வழி உள்ளூரிலேயே இருக்கும் பகுதிநேரப் படையான தேசியக் காவல் படை, அதனால் அதில் சேர நாடு முழுக்க நீண்ட வரிசை. இவருக்கு அதன் விமானப் பிரிவான டெக்சாஸ் வான் காவல் படையில் உடனே இடம் கிடைத்தது. விமானி ஆவதற்கான தகுதித் தேர்வில் வாங்கியது, தேறுவதற்குத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்தான். வெளிநாட்டுப் பணிக்கு விருப்பமா என்று படிவத்தில் கேட்ட இடத்தில் இல்லை என்று குறித்திருக்கிறார். அவருடைய அப்பா அப்போது ஹூஸ்டனிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட காங்கிரஸ் உறுப்பினர். டெக்சாஸ் சட்டமன்ற சபாநாயகராக இருந்த பென் பார்ன்ஸ், புஷ் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு தொழிலதிபர் கேட்டுக்கொண்டதால்தான் சிபாரிசு செய்தேன் என்று 1999-ல் சத்தியப் பிரமாணத்தின் மேல் சொன்னார். அப்பாவோ மகனோ நேரில் கேட்கவில்லை என்றும் அவரே சொன்னார். நம்ம ஊரில் சிபாரிசு நடப்பதும் இப்படித்தானே? பெரிய மனிதர் வாய் திறக்க வேண்டியதே இல்லை, சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும்.

இருபத்தொரு வயதுப் பையன் சாவுக்குப் பயந்ததை நான் குற்றமாக நினைக்கவில்லை. என் அப்பா பயந்திருக்கிறார், என்னிடம் சொல்லியும் இருக்கிறார். வீட்டுக் கஷ்டத்துக்காகப் பிரெஞ்சு ராணுவத்தில் கையெழுத்துப் போட்டு அதே வியட்நாமுக்கு, அந்தக் காலத்து இந்தோசீனாவுக்குப் போன சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், அவர். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே அப்படிப் போனவர்கள் இருந்தார்கள். யாருக்காகவும் யாரும் போன் போடவில்லை. அப்பாவுடைய ராணுவப் புத்தகம், அவர் 'லிவ்ரே' என்று சொல்வது, இன்னும் பீரோவில் இருக்கிறது. ஓரமெல்லாம் பிய்ந்துபோன சின்னப் புத்தகம்தான். எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் கப்பல் ஏறினார், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தார் என்று ஒவ்வொரு வரிக்கும் வட்ட முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். லீவு முடிந்து தாமதமாக வந்த ஒருவரைச் சிறையில் போட்டதை அப்பா கடைசிவரை வருத்தத்தோடு சொல்வார்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்தவன் புஷ்ஷின் காகிதங்களைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். 1972 ஏப்ரலோடு விமானம் ஓட்டுவது நின்றுவிட்டது. அப்புறம் ஒரு செனட் வேட்பாளருக்குத் தேர்தல் வேலை பார்க்க அலபாமா போகிறார். வருடாந்திர உடல் பரிசோதனைக்குப் போகவில்லை, ஆகஸ்டில் விமானம் ஓட்டும் தகுதியை நிறுத்திவைத்தார்கள். 1973 மே மாதம் அவருடைய மேலதிகாரிகள் எழுதிய மதிப்பீட்டில், அந்த ஒரு வருஷத்தில் அவரை இந்தப் பிரிவில் பார்க்கவில்லை என்று இருக்கிறது. 2004-ல் வெள்ளை மாளிகை வெளியிட்ட சம்பளப் பதிவுகளிலும் 1972 ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒன்றுமே இல்லை. அலபாமாவில் இருந்தார் என்பதற்கு அவர்கள் காட்டியது ஒரு பல் பரிசோதனைச் சீட்டு. செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளை இப்படி மாசக்கணக்கில் வராமல் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா?

அதே 2004-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, புஷ்ஷின் காவல் படைச் சேவை பற்றி, உண்மைதானா என்று உறுதிசெய்ய முடியாத சில குறிப்புகளை நம்பிச் செய்தி போட்டு, அதன் செய்தியாளர் டான் ராதர் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. அதனால் மேலே நான் எழுதிய, யாரும் மறுக்காத பதிவுகளும் சேர்ந்தே அமுங்கிப் போயின. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

அவருடைய தகுதியை நான் சந்தேகப்படுவது 1968-க்காக அல்ல, 2003-க்காக. தான் பத்திரமாக இருந்த அதே காவல் படையின் ஆட்களை, குடும்பம் குட்டி உள்ளவர்களை, ஆயிரக்கணக்கில் ஈராக்குக்கு அனுப்பினார். அனுப்பும்போது, எனக்கு ஒரு கதவு திறந்தது, உங்களுக்குத் திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை நேர்மையாகச் சொல்லியிருந்தால் என் மனசு வேறு மாதிரி இருந்திருக்கும். கடைசிவரை சலுகை எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்.

எல்லோரும் அப்படித்தான் என்கிறாயே, புஷ்ஷின் துணை அதிபராக இருந்த செனி கட்டாய ராணுவ சேவைக்கு ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கியவர்தான். ஆனால் கடற்படை விமானியாக இருந்து பிறகு செனட்டரான ஜான் மெக்கெய்னை எங்கே வைப்பாய்? அட்மிரலின் மகன். 1967-ல் ஹனோயில் பிடிபட்டவரை, அப்பாவின் பதவிக்காகவே அடுத்த வருஷம் விடுவிக்கிறோம் என்று வியட்நாம்காரர்கள் சொன்னார்கள். தனக்கு முன்னால் பிடிபட்டவர்கள் முதலில் போகட்டும் என்று மறுத்து, சித்திரவதைப்பட்டு, 1973 மார்ச்சில்தான் வெளியே வந்தார். அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்காது. ஆனால் குடும்பச் செல்வாக்கை வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம். இதைத்தான் உன் பேரனிடம் சொல்லச் சொல்கிறேன்.

2004-ல் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜான் கெர்ரியும் யேலில் படித்தவர்தான். கடற்படையில் சேர்ந்து வியட்நாமுக்குப் போய்க் காயம்பட்டு வந்தார். அந்தத் தேர்தலில் அவருடைய பதக்கங்களைத்தான் பொய் என்று விளம்பரம் போட்டார்கள், ஜெயித்தது புஷ். ஜனங்கள் ஏன் அதை நம்பினார்கள் என்று நீ நினைக்கிறாய்? அடுத்த கடிதத்தில் எழுது. அம்மா உன்னையும் அண்ணியையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ராஜா