புகார்: காலியிடம் குறைந்த சி டிரைவில் உங்கள் டிஃப்ராக் கருவி செய்த கேடு

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: சந்தா மென்பொருளின் 'ஆழ்ந்த டிஃப்ராக்' (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) வசதி, தொலைநிலை உதவியாளர் அனுமதியின்றிச் செய்த மாற்றம், சர்வீஸ் சென்டர் தந்த பொய்யான வேலைச் சீட்டு குறித்து

மதிப்பிற்குரிய அய்யா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் மேசைக் கணினியையும், அதனுடன் ஆண்டுச் சந்தாவில் தரப்படும் பராமரிப்பு மென்பொருளையும் பயன்படுத்தி வருகிறேன். தொலைபேசி, சாட், மின்னஞ்சல், சர்வீஸ் சென்டர் என்று தட்டாத கதவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட, அவர் மறுபடி முதல் ஆளிடமே அனுப்பிவைக்க, அலுத்துப்போய்த்தான் எழுத்தில் தருகிறேன். என் புகார்கள் எல்லாம் தங்கள் பதிவேட்டில் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டிருக்கும். ஒன்றுகூடத் தீரவில்லை.

தங்கள் பொருளைப் பற்றித் தங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன். என் கணினியில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டி அல்ல. சி டிரைவின் கொள்ளளவு 120 ஜிபி. காலியாக இருந்தது 7 ஜிபி, அதாவது 6 சதவீதம்கூட இல்லை. மென்பொருளின் முகப்பிலேயே 'குறைந்த காலியிடத்திலும் முழுமையான டிஃப்ராக்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பொத்தானை அழுத்தியதும் உங்கள் கருவி செய்த முதல் வேலை, ஒரு ரீஸ்டோர் பாயின்ட், அதாவது கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு, உருவாக்கியது. இடமே இல்லாத டிரைவில்! ரீஸ்டோர் பாயின்ட் உள்ள டிரைவில் ஒரு கிளஸ்டரை (டிஸ்கில் இடம் ஒதுக்கும் அடிப்படை அலகு) மாற்றி எழுதினால், விண்டோஸின் ஷேடோ காப்பி சேவை அதன் பழைய உள்ளடக்கத்தைத் தன் ஒதுக்கீட்டுக்குள் நகலெடுத்து வைக்கும். டிஃப்ராக் செய்யும்போது கோப்பின் இடம் மட்டும்தான் மாறுகிறது, உள்ளடக்கம் மாறுவதில்லை. அதைக் கண்டுகொண்டு நகலெடுக்காமல் விட விண்டோஸுக்குத் தெரியும். ஆனால் கோப்பு 16 கேபி அளவுகளில் நகர்ந்தால்தான் அது நடக்கும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் இயல்பாகத் தரும் கிளஸ்டர் 4 கேபி. டிஃப்ராக், ஷேடோ காப்பி இரண்டும் சேர்ந்து இயங்கும் டிரைவுக்கு 16 கேபி அல்லது அதற்கு மேற்பட்ட கிளஸ்டரை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பது இதனால்தான். இது டிஃப்ராக் கருவி எழுதுகிறவர்களுக்குப் பாலபாடம். உங்கள் கருவி நகர்த்த நகர்த்த ஷேடோ காப்பி வீங்கியது. 7 ஜிபி காலியிடம் 2 ஜிபிக்குக் கீழே போனது. ஒதுக்கீட்டு வரம்பை எட்டியதும் பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள் ஒன்றுவிடாமல் அழிந்தன. திரும்பிப் போக எனக்கு இனி வழியே இல்லை.

இத்தனைக்கும் பிறகு திரையில் பச்சை நிறத்தில் '100 சதவீதம் முடிந்தது'.

முடிந்ததா? 'டிஃப்ராக் சி: /ஏ /வி' என்ற விண்டோஸின் சொந்தப் பகுப்பாய்வுக் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். தொடர்ச்சியான காலியிடத்தில் மிகப் பெரியதே 310 எம்பி என்றது. கோப்பின் துண்டுகளை எண்ணிக் காட்டும் சிஸ்இன்டர்னல்ஸின் கான்டிக் கருவியில் என் மின்னஞ்சல் பெட்டகமான 11 ஜிபி பிஎஸ்டி கோப்பைச் சோதித்தேன். 9,000 துண்டுகளுக்கு மேல் காட்டியது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் கோப்பு அது. நெருக்கடியான டிரைவில் கிடைத்த சந்தில் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது. 310 எம்பி சந்துக்குள் 11 ஜிபி கோப்பு ஒரே துண்டாக எப்படி நுழையும்? நுழையாது என்று கருவிக்குத் தெரியும். தெரிந்தே அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விட்டு, தாண்டியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் 100 என்று போட்டிருக்கிறது. ஹைபர்னேஷன் கோப்பு (கணினி உறங்கும்போது ரேமில் உள்ளதைச் சேமிப்பது), பேஜிங் கோப்பு (ரேம் போதாதபோது உதவுவது), ஷேடோ காப்பி என நகர்த்தவே முடியாதவையும் அந்தக் கணக்கில் இல்லை. பொய்க் கணக்கு என்பதைத் தவிர இதற்கு வேறு பேர் தெரியவில்லை.

64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸும் துண்டாக எண்ணுவதில்லை, அது நியாயம். நொடிக்கு 100 எம்பி படிக்கும் டிஸ்கில் 64 எம்பியைப் படிக்க 640 மில்லிசெகண்ட் ஆகும். அடுத்த துண்டுக்கு டிஸ்கின் படிக்கும் தலை தாவ 15 மில்லிசெகண்ட் ஆனாலும் பெரிய இழப்பில்லை. இடம் இல்லாத டிரைவில் அறிவுள்ள கருவி செய்ய வேண்டியதும் அதுதான். கோப்பு முழுவதையும் ஒரே துண்டாக்க வீம்பு பிடிக்காமல், சின்னத் துண்டுகளை 64 எம்பி அளவுக்குச் சேர்த்தால் போதும். உங்களுடையது அதையும் செய்யவில்லை. 1 எம்பிக்கும் குறைவான துண்டுகள் ஆயிரக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன.

இனி அந்தத் தொலைநிலை உதவியாளர் விஷயம். இதை மட்டும் என்னால் மறக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. என் திரையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டவர், ஒரு கேள்வி கேட்கவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் தகவலைப் பார்க்கவில்லை. நேராக சி டிரைவின் பண்புகளைத் திறந்து, 'இடத்தைச் சேமிக்க இந்த டிரைவைச் சுருக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டார். வேண்டாம், சுருக்கினால் துண்டுகள் பெருகும் என்று சொன்னேன். "எங்களுக்கே சொல்லித் தர்றீங்களா? எல்லாம் தெரிஞ்சவங்க எதுக்கு எங்களுக்குக் கால் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சரி என்பதை அழுத்தினார். பணம் கட்டிய வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சா இது?

நான் சொன்னதுதான் நடந்தது. என்டிஎஃப்எஸ் சுருக்கும்போது கோப்பை 16 கிளஸ்டர், அதாவது 64 கேபி கொண்ட அலகுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலகையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. ஒவ்வோர் அலகிலும் மிச்சமாகும் கிளஸ்டர்கள் நடுநடுவே ஓட்டையாக விழுகின்றன. 9,000 துண்டாக இருந்த பிஎஸ்டி 60,000 துண்டைத் தாண்டியது. காலியிடம் கூடியது உண்மைதான். ஆனால் அத்தனையும் பொடிப்பொடியான ஓட்டைகள். அதையும் அடுத்த விண்டோஸ் அப்டேட் விழுங்கிவிட்டது. இப்போது சுருக்கத்தை எடுக்க 'காம்பாக்ட் /யு /எஸ்' கட்டளையை ஓட்டினால், பழைய முழு அளவும் கொள்ள டிரைவில் இடமில்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. என் தொழிலையே அந்த ஒரு டிக்கில் முடக்கிவிட்டார்.

சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னது இதற்கு முந்தியதா பிந்தியதா என்பது இனி முக்கியமில்லை. கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா என்றீர்கள், வந்தேன். எக்ஸ்டர்னல் டிஸ்க் கொண்டுவந்தால்தான் தொடுவோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதை ஏன் தொலைபேசியிலேயே சொல்லவில்லை? மறுபடி கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கி வந்து, வேலைச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் 'டிஃப்ராக் முடிந்தது, 0 சதவீதம்' என்றிருந்தது. எந்த டிரைவ்? டி! 600 ஜிபி காலியாகக் கிடக்கும் டி டிரைவை டிஃப்ராக் செய்து, சிதறல் பூஜ்யம் என்று காட்டியிருக்கிறார்கள். சி டிரைவைத் தொடவே இல்லை. அந்தச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து தாங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சி டிரைவில் இடமில்லை என்று என்னைக் குறை சொல்லும் தங்கள் ஊழியர்கள், அந்த 120 ஜிபியைப் பிரித்துக் கொடுத்தது யார் என்று யோசிக்க வேண்டும். 1 டிபி டிஸ்கில் சி-க்கு 120 ஜிபி, பக்கத்திலேயே விண்டோஸை மீட்க நீங்கள் ஒதுக்கிய மீட்புப் பகிர்வு, அதற்கப்பால் மிச்சமெல்லாம் டி. டி-யின் அளவைக் குறைத்தால் அதன் கடைசியில்தான் இடம் விடுபடும். சி-யை நீட்ட அதன் வலப்பக்கத்தை ஒட்டியே ஒதுக்கப்படாத இடம் வேண்டும். நடுவில் மீட்புப் பகிர்வு உட்கார்ந்திருப்பதால் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. பகிர்வுகளை வாடிக்கையாளர் மாற்றினால் உத்தரவாதம் போகும் என்பதும் உங்கள் விதிதான். கட்டிப்போட்டவர்களே ஏன் ஓடவில்லை என்று கேட்கலாமா?

சி டிரைவைச் சரிசெய்வது அரை நாளில் முடியக்கூடிய வேலை. உங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாததால், அல்லது சொல்ல மனமில்லாததால், இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிஸ்கின் உடல்நிலை. ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பார்க்க வேண்டும். 197-இல், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களில், பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் டிஃப்ராக் பேச்சே கூடாது. பேக்கப் எடுத்து டிஸ்கை மாற்ற வேண்டும். என் டிஸ்கில் மூன்றும் பூஜ்யம். பிறகு 'செக்டிஸ்க் சி: /எஃப்'. டிரைவில் டர்ட்டி பிட், அதாவது பிழை இருக்கலாம் என்ற குறி, விழுந்திருந்தால் டிஃப்ராக் தொடங்கவே தொடங்காது.

அடுத்தது இடம். 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' கொடுத்தால் ஹைபர்னேஷன் கோப்பு போய்விடும். விண்டோஸ் 10-இல் அது இயல்பாக ரேமில் 40 சதவீதம். என் 16 ஜிபி ரேமுக்கு 6.4 ஜிபி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து அணையும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. 8 ஜிபி பேஜிங் கோப்பைத் தற்காலிகமாக டி-க்கு மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். முதலில் இருந்த 7 ஜிபியோடு இவற்றைக் கூட்டிப் பாருங்கள். 21.4 ஜிபி. உங்கள் கருவியே எச்சரிக்கைப் பெட்டியில் கேட்கும் 15 சதவீதம் என்பது 18 ஜிபிதான்! என் கோப்பு ஒன்றைக்கூட அழிக்காமல் அன்றைக்கே கிடைத்திருக்கும். அத்துடன் அவுட்லுக்கை மூடிவிட்டு பிஎஸ்டியை டி-க்கு நகர்த்தினால் இன்னும் 11 ஜிபி. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: நகர்த்த முடியாத கோப்புகள் நடுவழியில் இல்லாததால் சந்துகளை ஒன்றுசேர்ப்பது எளிதாகும்.

அதன்பின் 'டிஃப்ராக் சி: /எக்ஸ்' ஓட்டிக் காலியிடத்தை ஒன்றுதிரட்ட வேண்டும். கோப்புகளைச் சேர்ப்பது அதற்கு அடுத்துத்தான். இந்த வரிசையைத்தான் உங்கள் கருவி தலைகீழாகச் செய்கிறது. ஒரே சுற்றில் முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு 'மிகப் பெரிய காலியிடம்' எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்து, வளர்வது நிற்கும்வரை ஓட்ட வேண்டும். கடைசியில் பேஜிங் கோப்பைச் சி-க்கே திருப்பி, தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒன்றாகவே வைத்தால் அது ஒரே துண்டாக அமர்ந்து, பிறகு வளர்ந்து சிதறாது. டி-யிலேயே விட்டுவிடலாமே என்பீர்கள். அதே டிஸ்கின் உள்வட்டம் அது, வேகம் குறைவு. தலையும் இரண்டு பகிர்வுகளுக்கும் இடையே அலைந்துகொண்டே இருக்கும்.

இத்தனை தெரிந்தும் நானே செய்யாததற்குக் காரணம் கேட்பீர்கள். கணினி அமைப்புகளில் கைவைத்தால் சந்தா ரத்தாகும் என்று மிரட்டியது உங்கள் உதவி மையம்தான்.

எனவே கேட்கிறேன். சந்தாத் தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்பி, முழு பேக்கப் எடுத்து, அந்தச் சுருக்கத்தை நீக்கி, மீட்புப் பகிர்வை நடுவிலிருந்து அகற்றி, சி-யைக் குறைந்தது 200 ஜிபியாக்கி, டிஃப்ராக் செய்து, முன்னும் பின்னும் எடுத்த '/ஏ /வி' அறிக்கைகளை என்னிடம் தாருங்கள். உத்தரவாதம் பாதிக்கப்படாது என்று எழுத்தில் வேண்டும். மென்பொருளிலும் 15 சதவீதத்துக்குக் கீழே காலியிடம் இருந்தால் ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குவதை நிறுத்துங்கள். தாண்டிய கோப்புகளின் பட்டியலைக் காட்டாமல் 100 என்று போடாதீர்கள். என்னைப்போல் இன்னும் எத்தனை பேர் அந்தப் பச்சை நிறத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்களோ! அந்த உதவியாளரின் தொலைநிலைப் பதிவையும் குரல் பதிவையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. கணினியின் மற்ற பாகங்கள் நன்றாகவே உழைக்கின்றன. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பெயரும் பொறுப்பும் குறிப்பிட்டு ஒருவர் பதில் எழுதினால் இத்துடன் முடித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். மறுபடியும் 'தீர்க்கப்பட்டது' என்று தானியங்கி மின்னஞ்சல் வந்தால், இதே இணைப்புகளுடன் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன். இழந்த வேலை நேரத்துக்கும் மன உளைச்சலுக்கும் அங்கே நான் கேட்கப்போகும் இழப்பீடு சந்தாத் தொகையோடு நிற்காது.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

இணைப்பு: டி டிரைவ் என்று குறிப்பிட்ட வேலைச் சீட்டின் நகல்; சி டிரைவின் டிஃப்ராக் பகுப்பாய்வு அறிக்கைகள், சுருக்குவதற்கு முன்னும் பின்னும்; பிஎஸ்டி கோப்பின் கான்டிக் அறிக்கை; '100 சதவீதம் முடிந்தது' திரைப்படிமம்; ஸ்மார்ட் பட்டியல்.