பாதியை நீ வைத்துக்கொள், மாப்ளே

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் ஆடி பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பாப்பாவுக்குக் கோயமுத்தூரிலேயே காலேஜ் கிடைத்ததில் எங்கள் அம்மாவுக்கு உன்னைவிடச் சந்தோசம், தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியாயிற்று.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் கரையான். தகரப் பெட்டியில் இடம் போதாமல் கொஞ்சம் புத்தகத்தை அட்டைப் பெட்டியில் போட்டு அட்டாலியில் வைத்திருந்தேன், சுவரோரம் மண் ஏறியிருந்ததை நான் பார்க்கவேயில்லை. ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள் தங்கள் கதையைத் தாங்களே வரைந்த அமெரிக்கத் தொகுப்பு 'கே காமிக்ஸ்' இருக்கிறதே, அதில் மூன்று இதழ் போய்விட்டது. எடுத்தால் அட்டை மட்டும் கையோடு வருகிறது, உள்ளே வெறும் மண். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஸ்கேன் எடுத்து வைத்தால் போதாதா, பழைய தாளை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டிருந்தாய். சின்ன வயதில் இரும்புக்கை மாயாவிக்காக ஈரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் ஒட்டுக்கா அலைந்தோமே, அதே பைத்தியம்தான் இது என்று வைத்துக்கொள். நம்ம முத்து காமிக்ஸ் சிவகாசியில் ஆரம்பித்த 1972-இல்தான் அமெரிக்காவில் பெண்களாகச் சேர்ந்து 'விம்மன்ஸ் காமிக்ஸ்' தொடங்கினார்கள். ஒரு பெண் தன்னை லெஸ்பியன் என்று வெளியே சொல்லும் கதையை டிரினா ராபின்ஸ் அதில் வரைந்தார். அதைப் படித்த மேரி விங்ஸ், இது வெளியிலிருந்து பார்த்து வரைந்தது, எங்கள் கதையை நாங்களே சொல்லவேண்டும் என்று மறு வருசமே தனியாக ஒரு புத்தகம் வரைந்து கொண்டுவந்துவிட்டார்! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கோபத்தில் திட்டி எழுதாமல் ஒரு புத்தகமே போட்டார் பார்.

அப்புறம் 1980-இல் 'கே காமிக்ஸ்'. பதிப்பாளர் டெனிஸ் கிச்சன் ஆசிரியராக இருக்கக் கேட்டபோது ஓவியர் ஹோவர்ட் குரூஸ் முதலில் தயங்கினார், தான் கே என்று வெளியே தெரிந்தால் மற்ற வேலைகள் போய்விடுமோ என்ற பயம். கடைசியில் ஒத்துக்கொண்டு, மற்ற ஓவியர்களுக்குக் கடிதம் போட்டுக் கதை கேட்டார், ஆண்கள் பெண்கள் இரண்டு பேரும் எழுதவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1998 வரை 25 இதழ். 1983-இல் வந்த நாலாவது இதழில் எய்ட்ஸ் பயம் வந்துவிட்டது. காமிக்ஸில் அதை அதிகம் பேர் தொடாத நேரத்தில் குரூஸ் அதை வரைந்தார். 2019-இல் அவர் போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்று நான் திருப்பூரில் சாம்பிள் அனுப்பும் அவசரத்தில் இருந்தேன், அழக்கூட நேரமில்லை.

ஒருத்தர் எழுதிய புத்தகம் வேறு, தொகுப்பு வேறு மாப்ளே. தொகுப்பு பந்தி மாதிரி, பக்கத்து இலையில் யார் உட்காருவார்கள் என்று நாம் சொல்ல முடியாது. சிரிப்பு, சண்டை, காதல், சாவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், கோடு நன்றாகப் போடத் தெரியாதவர்கூட தன் கதையைச் சொல்லியிருப்பார். இருபது வயதில் இந்த ஊரில் என்னைப்போல் இன்னொருத்தன் இருப்பானா என்று வெசனப்பட்டவனுக்கு அந்தக் கூட்டம் வேண்டியிருந்தது. ஸ்கேன் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பவும் எனக்கு மனசில்லை. வரைந்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள், அது அவர்கள் சொத்து. கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

போன மாசம் காங்கேயம் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். 'கே காமிக்ஸி'ல் அலிசன் பெக்டல் என்ற பெண் ஓவியர் தனியாக வரைந்த 1993 இதழை எடுத்துக் கொடுத்தேன். இங்கிலீஷ் சிரமமாக இருந்ததால் திண்ணையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக நான் தமிழில் சொன்னேன். காலேஜில் புத்தகம் புத்தகமாகப் படித்துத்தான் அவர் தன்னைத் தெரிந்துகொண்டார் என்றதும், "நானும் எங்க காலேஜ் லைப்ரரில தேடுனனுங்ணா, ஒண்ணும் கெடைக்கலீங்" என்றான். பொழுது சாய்ந்து அம்மா விளக்குப் போடும்வரை போகவில்லை.

மிச்சமிருப்பதில் பழைய இதழ்களின் ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடித்துத் தாளை அரித்திருந்தது. மெதுவாக நெம்பி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் அப்பா தறிக்கு வைத்திருந்த பருத்தி நூலைக் கோத்துத் தைத்திருக்கிறேன். முடிச்சு உள்பக்கம் வருகிற மாதிரி. நீ பார்த்தால் ஒத்துக்கொள்வாய்.

இனி எல்லாம் ஒரே கூரைக்கடியில் இருக்கக்கூடாது. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா, அப்படியே சென்னிமலை வந்து எட்டு இதழை எடுத்துப் போ. உன் தேக்கு பீரோவில் மேல் தட்டு போதும். தங்கச்சியிடம் நானே பேசுகிறேன், அவளுக்கு என்னைப் பற்றி நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு அவளிடம் எந்தக் கூச்சமும் இல்லை. யாராவது படிக்கக் கேட்டால் கொடு, பேரை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வை. பை பெரியதாகக் கொண்டு வா, மடங்கிவிடப் போகிறது.

அன்புடன்
உன் மச்சான்