முகத்துவாரப் பாலங்களில் கவரை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

முகத்துவாரத்தில் பாலம் கட்டும் செய்தி வரும்போதெல்லாம் நீளம், அகலம், செலவு தவறாமல் வருகின்றன. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பாலத்தின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு. துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஓதம் ஏறி இறங்கும் இடமும் அலை தெறிக்கும் இடமும்தான் முதலில் கெடும். பெரும்பாலும் பைல் கேப்பும் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் பைல் என்ற அடித்தூண்களின் தலைகளை இணைக்கும் கான்கிரீட் கட்டை) தூணின் அடியும் அங்கேதான் இருக்கும். நனைந்து காயும் ஒவ்வொரு தடவையும் உப்பு உள்ளே தங்கி, மெல்ல மெல்லக் கம்பியை எட்டிவிடும். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில் கம்பி போகும் வாக்கிலேயே விரிசல் ஓடி, கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயரும்.

இங்கே 75 மி.மீ. கவர் வேண்டும். வரைபடத்தில் இருக்கும். கம்பிக்கூடு ஒரு பக்கம் சாய்ந்தால் அதே தூணில் 40 ஆகிவிடும். கவர் பாதியானால் உப்பு கம்பியை எட்டும் காலம் ஏறக்குறைய கால்வாசியாகச் சுருங்குகிறது. கம்பிக்கும் ஷட்டருக்கும் (வார்ப்பு அச்சுக்கும்) நடுவே இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக்கை அதே தரக் கான்கிரீட்டில் வார்த்து ஊறவைத்திருக்க வேண்டும். செங்கல் துண்டோ ஜல்லியோ முட்டுக் கொடுக்கக் கூடாது. கட்டுக்கம்பியின் முனைகளை உள்பக்கமாக மடக்காவிட்டால் கவருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையிலேயே துரு தொடங்கும்.

நீர்-சிமென்ட் விகிதம் 0.40-ஐத் தாண்டக் கூடாது. இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் உப்பை நன்றாகத் தடுக்கும். ஆனால் மெதுவாக இறுகுவதால் 14 நாளாவது நல்ல தண்ணீரில் க்யூரிங், அதாவது காயாமல் நனைத்து வைப்பது, வேண்டும். முகத்துவாரத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பை நாமே ஏற்றிவிடுகிறோம்.

பைலில் வேறு சிக்கல். பைல் குழியின் சுவரைத் தாங்க நிரப்பும் பென்டோனைட் களிமண் கரைசலில் உப்புநீர் கலந்தால் அது திரிந்து, சுவர் சரியும். கான்கிரீட் இறக்கும்போது அதை அடிவரை கொண்டுபோகும் டிரெமி குழாயின் நுனி கான்கிரீட்டுக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டர் புதைந்தே இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் நடுவில் சேறு புகுந்துவிடும். மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனை கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும். கம்பி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே ஷட்டர் பிரித்ததும் ஒவ்வொரு தூணையும் பைல் கேப்பையும் உடைக்காமலே கம்பியின் ஆழத்தைக் காட்டும் கவர் மீட்டரால் அளந்து, அந்த அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். குறைந்திருக்கும் இடத்தைச் சரிசெய்த பிறகே பில் பாஸாக வேண்டும். உங்கள் செய்தியாளர்களும் அடுத்த முறை இந்தக் கணக்கைக் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
பாலப் பணிப் பொறியாளர்கள் சிலர்