வரைபடம் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் 18 ஆண்டுகளாக இயந்திர உதிரிபாக வரைபடங்கள் வரைந்து வருபவன் என்ற முறையில், கணினியில் வரைபடம் வரைய உதவும் ஆட்டோகேட் மென்பொருளின் பயிற்சியில் விடுபட்டுப்போகும் ஒரு விஷயத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பயிற்றுநர்களிடம் முறையிட விரும்புகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் 2 ஆண்டுகள் வரைவாளர் பிரிவில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கோடு, வட்டம், லேயர், அளவு குறித்தல் எல்லாம் நன்றாகவே வருகிறது. ஆனால் ‘ஓப்பன்’ கொடுத்ததும் திறக்கும் பெட்டியின் இடது ஓரத்தில் நிற்கும் குறுக்குவழிப் பட்டியலைப் பெரும்பாலோர் தொட்டுப் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சர்வரில் திருத்தப்பட்ட வரைபடம் இருக்க, அதே பெயரில் டெஸ்க்டாப்பில் கிடந்த பழைய நகலை அச்செடுத்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். துளைகளின் இடைவெளி 90 மில்லிமீட்டரிலிருந்து 100 ஆக மாறியிருந்தது. 12 தகடுகளில் துளையிட்ட பிறகே அது தெரிந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஏழு ஃபோல்டர்களுக்குள் இறங்க வேண்டியிருந்ததால்தான் அவர் நகலெடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

வேலைக்குரிய ஃபோல்டரை மவுஸால் பிடித்து இழுத்து, ஹிஸ்டரி, டெஸ்க்டாப் முதலியவை வரிசையாக இருக்கும் அந்தப் பட்டியலில் விட்டிருந்தால், சர்வரில் உள்ள இடம் ஒரே சொடுக்கில் திறந்திருக்கும். ஃபோல்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, பட்டியலின் மீது மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கி ‘ஆட் கரண்ட் ஃபோல்டர்’ கொடுத்தாலும் அதே பலன்தான். வேலை முடிந்ததும் ‘ரிமூவ்’ கொடுத்து எடுத்துவிடலாம். குறுக்குவழி மட்டும்தான் போகும், ஃபோல்டருக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லாததால் பலர் அஞ்சி அதைத் தொடுவதே இல்லை.

ரிமெம்பர்ஃபோல்டர்ஸ் என்ற மாறியையும், அதாவது பெட்டி எந்த ஃபோல்டரில் திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பையும், வகுப்பில் காட்ட வேண்டும். அதன் மதிப்பு 1 ஆக இருக்கும்போது, கடைசியாகப் புழங்கிய ஃபோல்டரே அடுத்த முறையும் வந்து நிற்கும். நேற்று பழைய வேலையைப் புரட்டியவர் இன்று கவனிக்காமல் அங்கேயே சேமித்துவிட வாய்ப்புண்டு. குறுக்குவழிகள் பயனரின் புரொஃபைலோடு (அவரது அமைப்புகளின் தொகுப்போடு) சேர்ந்தே பதிவாவதால், ஆப்ஷன்ஸில் அந்தப் புரொஃபைலை ஏ.ஆர்.ஜி. கோப்பாக ஏற்றுமதி செய்து, மற்றக் கணினிகளிலும் இறக்கிக்கொள்ள முடியும். எங்கள் அறையில் உள்ள ஐந்து கணினிகளிலும் இப்போது ஒரே பட்டியல்தான்.

இவ்வளவையும் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். செய்முறைத் தேர்விலும், ஒரே பெயரில் வெவ்வேறு ஃபோல்டர்களில் இரண்டு வரைபடங்களை வைத்து, சரியானதைத் திறந்து திருத்தி அதே இடத்தில் சேமிக்கச் சொல்லும் கேள்வி ஒன்றைச் சேர்க்குமாறு பயிற்றுநர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரைவாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.