பட்டறை போடப் போகும் மகளுக்கு

செல்ல மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நாங்கள் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தச்சுப் பட்டறை போடப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய கராஜ் படத்தை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கூடவே நீ போட்ட பட்டியலையும் படித்தேன். டேபிள் சா, ட்ரில் பிரஸ், தூசி உறிஞ்சும் மெஷின், சுவர் முழுக்க அலமாரி. எல்லாம் நல்ல சாமான்தான். ஆனாலும் இப்போதைக்கு அந்தப் பட்டியலை மடித்து வை ஆத்தா. மரத்தைச் சீவும் பழைய இழைப்புளி ஒன்றை வாங்கு. அதைத் தேற்றி ஒரு பலகையை இழைத்துப் பார். வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும், மேசை எவ்வளவு கனம் வேண்டும், எந்தச் சாமான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வேலையிலேயே தெரிந்துவிடும். இடத்தை முதலில் கட்டிவிட்டு வேலையை அதற்குள் திணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான வீடு. நல்லது கெட்டது எல்லாம் நடு முற்றமான வளவில்தான் நடக்கும். அங்கே மரத்தூள் பறக்க விட முடியுமா? மூன்றாம் கட்டுத் தாழ்வாரத்தின் ஒரு மூலைதான் என் பட்டறை. சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும். அதனால் கால் வைத்த பலகைச் சட்டம் ஒன்று செய்து சுவரோரம் நிறுத்தி, உளி, ரம்பம், கொட்டாப்புளி எல்லாவற்றையும் அதில் மாட்டியிருக்கிறேன். உங்களுடையதும் வாடகை வீடுதானே, இது உனக்கும் ஒத்துவரும். வீட்டை மாற்றினால் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

மேசை மட்டும் நீயே செய். அங்கே வீடு கட்டப் பயன்படுத்தும் பைன் கட்டையே போதும். மேற்பலகை தடிமனாக இருக்கட்டும், கால்கள் அதைவிடத் தடிமனாக இருக்கட்டும். ஆடுகிற மேசையில் இழைக்கவே முடியாது. உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நில், சுண்டுவிரல் உள்ளங்கையோடு சேரும் இடம் வரைக்கும் மேசை வந்தால் போதும். சமையல் மேடை உயரத்துக்கு வைத்தால் தோள் கடுக்கும். இன்னொன்று, நீ இடதுகைக்காரி. படங்களில், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் மேசையின் இடது முனையில்தான் இருக்கும். நீ வலது முனையில் பொருத்து.

இழைப்புளிக்கு வருகிறேன். போன மாதம் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில், பித்தளைக் குத்துவிளக்குக்கும் எனாமல் தட்டுக்கும் நடுவே ஒன்று கிடந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் செய்த ரெகார்டு கம்பெனி இழைப்புளி, ஐந்தாம் நம்பர், பதினாலு அங்குல நீளம். இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து எது எதுவோ அந்தத் தெருவுக்கு வருகிறது. ஒரு முழுக் கதவு நிலையே பிரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நல்ல பர்மா தேக்குத் தூணை வாங்கி அறுக்க எனக்குக் கை வராது. உடைந்த துண்டு துக்காணி கிடைத்தால் மட்டும் எடுத்து வருவேன்.

நீயும் அங்கே பழைய சாமான் விற்கும் இடங்களில் தேடு. துருவைப் பார்த்துப் பயப்படாதே, விரிசலுக்குப் பயப்படு. இழைப்புளியின் உடம்பு வார்ப்பிரும்பு. பிளேடு வெளியே வரும் வாய் இருக்கிறதே, அதன் இரண்டு ஓரத்திலும் முடி மாதிரி கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார். கோடு இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பிளேடின் முதுகில், அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கத்தில், கூர் விளிம்பை ஒட்டிக் குழி குழியாகத் துரு அரித்திருந்தாலும் யோசி, அந்தக் குழி கூரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

துருவை எடுக்க நான் நம்புவது மின்சார வழியைத்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நம்மூர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எத்தனை கேள்வி கேட்டாய் நினைவிருக்கிறதா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம். இரும்பு ஏன் அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதும் அங்கே நடக்கும் ஆராய்ச்சிதான். அதே மின்வேதியியலை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீ செய்யலாம்.

நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. மரப்பிடியையும் பித்தளைத் திருகையும் கழற்றி வைத்துவிட்டு, துருப்பிடித்த இரும்பை மட்டும் தொட்டியில் தொங்கவிடு. எதிரே அதைத் தொடாமல் ஒரு பழைய இரும்புக் கம்பி. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் கருவிக்கு, பிளஸ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் கருவிதான் கரையும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் எதையும் போடவே கூடாது; அதிலுள்ள குரோமியம் விஷமாகித் தண்ணீரில் கலக்கும். குமிழி குமிழியாக வருவது ஹைட்ரஜன், நெருப்புப் பட்டால் வெடிக்கும். கராஜுக்கு வெளியே, திறந்த வெளியில் வை. சார்ஜரை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் எடுத்தால் துரு கறுப்புப் படலமாக மாறியிருக்கும், பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். வெந்நீரில் அலசி, உடனே துடைத்து, உடனே எண்ணெய். அதில் சுணங்கினால் கண் முன்னாலேயே மறுபடி துரு பூக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி.

அப்புறம் கூர். இதில் மட்டும் அவசரப்படாதே. முதலில் பிளேடின் முதுகைச் சாணைக்கல்லில் சமமாகத் தேய். முழு முதுகும் வேண்டாம், விளிம்பை ஒட்டி ஒரு விரற்கடை கண்ணாடி மாதிரி ஆனால் போதும். பிறகு சரிவை 25 பாகையில் தேய்த்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டு. தீட்டத் தீட்ட முதுகுப் பக்கம் ஒரு பிசிர் எழும்பும். விரலை விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும். விளிம்பு முழுக்க அது தட்டுப்படும் வரை கல்லை விடாதே. தட்டுப்பட்டதும் முதுகைக் கல்லில் படுக்க வைத்து லேசாக ஒரு இழுப்பு, பிசிர் போய்விடும். நான் அந்த ரெகார்டைப் பூட்டித் தேக்கில் ஓட்டியபோது, சீவல் கிழியாமல் பலகையின் நீளத்துக்குச் சுருண்டு வந்தது. அதன் வழியாகப் பேப்பர் எழுத்தைப் படிக்கலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

உங்கள் ஊர் குளிரில் கராஜில் உள்ள இரும்பெல்லாம் ஐஸாகக் கிடக்கும். பனி விட்டு வெதுவெதுப்பான ஈரக் காற்று வரும் நாளில் அதன் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். இங்கே ஐப்பசி மழை செய்கிற வேலையை அங்கே வசந்த காலம் செய்யும். அதனால் பிளேடுகளையும் உளிகளையும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடிய பெட்டியில் வை.

அந்தத் துணி மெஷின் எண்ணெய்த் துணி. மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய்த் துணி வேறு, அதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதே. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் எறிய வேண்டும். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, நல்ல முகமூடி வாங்கிவிடு. நீ இருமினால் இங்கே உன் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

ரெகார்டின் பின்பிடி உடைந்திருந்தது. என்னிடம் இருந்த தேக்குத் துண்டில் புதிதாக ஒன்று செதுக்கிக்கொண்டிருக்கிறேன். சித்திரையில் வரும்போது அந்தப் பிடியைப் பூட்டி ரெகார்டை உனக்கே கொண்டுவருகிறேன். அதுவரை நீ வாங்கும் இழைப்புளியில் பழகு. பிடியை உன் கைக்குப் பொருத்திச் செய்ய வேண்டும். உள்ளங்கையை ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. இடது கையை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பச்சி
காரைக்குடி